ஏற்காட்டுல ஃபுல் சார்ஜ் போட்டு இறங்கினேன், பிரேக் காஞ்சு போச்சு. மலை ரோட்டுக்கு எலக்ட்ரிக் வண்டி சரிப்படுமா?

அஸ்தம்பட்டி_வெள்ளிப்பட்டறை:
வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க. ஒன்றரை வருஷமா எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஓட்டுறேன், பேட்டரி சுமார் 3 யூனிட் பிடிக்கும். அஸ்தம்பட்டி வீட்ல இருந்து செவ்வாய்ப்பேட்டை பட்டறைக்குப் போக வர, ஒரு குறையும் சொல்ல முடியாது. போன சனிக்கிழமை வீட்டம்மாவோட முதல் தடவையா ஏற்காடு போனோம், நாகலூர்ல மச்சினி வீடு. கிளம்புறப்போ 92%, ஏரி போய் சேர்றப்போ 38%. 30 கிலோமீட்டருக்கு 54% தின்னுருச்சு, டவுன்ல அதே தூரத்துக்கு 25% தான் ஆகும். சரி மலைன்னா அப்படித்தான்னு விட்டுட்டேன்.

பிரச்சனை இறங்குறப்போ. மச்சினி வீட்ல ராத்திரி பூரா போட்டு 100% ஆக்கிட்டு ஞாயிறு காலைல கிளம்புனோம். ஆக்சிலேட்டர விட்டா வழக்கமா வண்டி பின்னாடி இழுத்துப் பிடிக்கும் இல்ல, அது சுத்தமா இல்ல, நியூட்ரல்ல விட்ட மாதிரி ஓடுது. வேற வழியில்லாம பிரேக்க பிடிச்சுக்கிட்டே 20வது கொண்டை ஊசில இருந்து இறங்குறேன், 12 தாண்டுனதும் கருகுன வாடை, 10 கிட்ட வர்றப்போ லிவர் கைப்பிடி வரைக்கும் போகுது ஆனா வண்டி நிக்கல. எப்படியோ உள்பக்க மண் ஓரமா ஏத்தி நிறுத்திட்டேன். பின்சக்கர டிரம்முல பாட்டில்ல இருந்து ரெண்டு சொட்டு தண்ணி விட்டேன், சுர்ருனு ஆவியாப் போச்சு. வீட்டம்மா கை நடுங்கிட்டு இருந்தாங்க, அவங்க பைய குரங்கு இழுக்குது, அதக்கூட அவங்க கவனிக்கல. முக்கால் மணி நேரம் உக்காந்துட்டு அப்புறம் நடக்குற வேகத்துல இறங்கினோம்.

சர்வீஸ் சென்டர்ல கேட்டா வண்டில ஒண்ணும் இல்ல சார், பிரேக் ஷூ மாத்திக்கோங்கன்னு மட்டும் சொன்னாங்க. ஏன் அந்த இழுவை இல்லாம போச்சுன்னு யாரும் சொல்லல. தெரிஞ்சவங்க சொல்லுங்க, இனிமே மலைக்கு எடுத்துட்டுப் போகலாமா வேண்டாமா?

டூஸ்ட்ரோக்_கோரிமேடு:
தம்பி, முதல்ல ரெண்டு பேரும் நல்லபடியா வந்ததே பெருசு. நான் 30 வருஷமா கோரிமேட்டுல மெக்கானிக். அடிவாரத்துல பிரேக் காஞ்சு வந்து நிக்கிற வண்டி வாரத்துக்கு நாலு பார்ப்பேன், எல்லாம் வெளியூர்க்காரங்க, பாதிப் பேர் பெட்ரோல் மிச்சம் பண்றேன்னு நியூட்ரல்ல விட்டு வந்தவங்க. ஏறுன கியர்லயே இறங்குன்னு அந்தக் காலத்துல பஸ் டிரைவருங்க சொல்லுவாங்க, இஞ்சின் பிடிச்சு நிறுத்தும், பிரேக்குக்கு வேலை கம்மி. உங்க வண்டில கியரும் இல்ல இஞ்சினும் இல்ல. அதனாலதான் எனக்கு இந்த பேட்டரி வண்டி மேல நம்பிக்கை வர மாட்டேங்குது.

இன்னொண்ணு, ரெண்டு சொட்டோட நிறுத்துனீங்களே அதுவே நல்லது. காஞ்ச டிரம்முல பாட்டிலோட தண்ணிய ஊத்திறாதீங்க யாரும், விரிசல் விட்ரும், இல்ல கோணிக்கும். நிழல்ல நிறுத்தி தானா ஆற விடணும்.

மின்னோட்டம்:
நான் இங்க ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல ஈஈஈ, அதாவது எலக்ட்ரிகல் பிரிவு பேராசிரியர், என்னோட ஆராய்ச்சியே மோட்டார் டிரைவ், எலக்ட்ரிக் வண்டி பக்கம்தான். பட்டறைக்காரரே, நீங்க எழுதுனது ஒவ்வொண்ணும் கணக்குக்கு அப்படியே ஒத்து வருது, போட்டே காட்டுறேன்.

வண்டி, நீங்க, வீட்டம்மா எல்லாம் சேர்த்து 245 கிலோன்னு வைங்க. சேலம் கடல் மட்டத்துல இருந்து 280 மீட்டர் சுமாருக்கு, ஏற்காடு 1,500 சுமாருக்கு, ஆக 1,200 மீட்டர் தூக்கணும். 245 ஐ 9.8 ஆல பெருக்கி 1,200 ஆல பெருக்கினா 28.8 லட்சம் ஜூல். ஒரு யூனிட் கரண்டுங்கிறது 36 லட்சம் ஜூல், அதனால உயரத்துக்கு மட்டும் 0.8 யூனிட். மோட்டார்ல, கன்ட்ரோலர்ல போற நஷ்டம், டயர் உராய்வு, காத்து எல்லாம் சேர்த்தா ஒன்றரை யூனிட்டுக்கு மேல வந்துரும். 3 யூனிட் பேட்டரில 54%ங்கிறது 1.6 யூனிட். உங்க வண்டி சரியாத்தான் தின்னுருக்கு.

இப்ப இறக்கம். அந்த 28.8 லட்சம் ஜூல் எங்கயும் போகல, மேல நிக்கிறப்போ உங்க கூடவே இருந்துச்சு. இறங்குறப்போ டயரும் காத்தும் 12, 13 லட்சம் எடுத்துக்கும், மிச்சம் 16 லட்சம் சொச்சத்த யாராவது வாங்கிக்கணும். வழக்கமா மோட்டார் ஜெனரேட்டரா மாறி அத கரண்டாக்கி பேட்டரிக்கு அனுப்பும், நீங்க சொல்ற இழுவை அதுதான், ரீஜென்னு சொல்லுவோம். பேட்டரி ஏற்கனவே நிறைஞ்சிருந்தா அந்தக் கரண்ட வைக்க எடம் இல்ல. வண்டி பேட்டரில என்எம்சி, எல்எஃப்பின்னு ரெண்டு லித்தியம் ரகம் உண்டு, என்எம்சி செல்லுக்கு உச்சம் 4.2 வோல்ட், எல்எஃப்பி செல்லுக்கு 3.65 வோல்ட், அதுக்கு மேல தள்ளினா செல் கெட்டுப் போகும், தீப்பிடிக்கிற அளவுக்குக்கூட போகலாம். அதனால பேட்டரிய காவல் காக்குற சர்க்யூட், பிஎம்எஸ்னு சொல்லுவோம், அது கதவ மூடிரும். மூடணும், அது பழுது கிடையாது. ஆனா மூடுனதும் அந்த 16 லட்சம் ஜூலும் உங்க ரெண்டு பிரேக்குக்கு வந்துருச்சு. வீட்ல அஞ்சு லிட்டர் தண்ணிய பச்சைத்தண்ணில இருந்து கொதிக்க வைக்கிற சூடு அது. அந்தச் சின்ன டிரம்ம நினைச்சுப் பாருங்க.

நியூட்ரல்ல இறங்காதேன்னு கோரிமேடு அண்ணா சொன்னதும் நான் சொல்றதும் ஒண்ணுதான். ரீஜென் தான் இந்த வண்டியோட இஞ்சின் பிரேக். 100% போட்டு இறங்குறது கிட்டத்தட்ட நியூட்ரல்ல இறங்குற மாதிரி.

அஸ்தம்பட்டி_வெள்ளிப்பட்டறை:
மேடம் ரொம்ப நன்றிங்க. இத விட தெளிவா யாரும் சொல்ல முடியாது. அப்ப மேல இருந்து கிளம்புறப்போ எவ்வளவு வச்சுக்கணும்?

மின்னோட்டம்:
இறங்குறப்போ உங்களுக்குத் திரும்பக் கிடைக்கிறது அதிகபட்சம் 0.3 யூனிட்டுக்குள்ள, அதாவது 10% க்குள்ள. நடைமுறைல அதுல பாதி வந்தாலே நல்ல வண்டி. ஆனா 90% ல நிறுத்தினா போதும்னு நினைக்காதீங்க, பேட்டரி நிறைய நிறைய பிஎம்எஸ் உள்ள வர்ற கரண்ட மெல்ல மெல்ல குறைச்சுக்கிட்டே வரும், ஒரே அடியா மூடாது. அதனால 80% க்கு மேல போடாம இறங்குங்க. 60% இருந்தா இன்னும் நல்லது, எப்படியும் சேலம் போக அது தாராளம். சார்ஜ் கம்மியா இருந்தாலும் ஒரு பிரேக்கையே பிடிச்சுத் தொங்காம ரெண்டையும் விட்டு விட்டு பிடிங்க, வேகத்த வளைவுக்கு முன்னாடியே குறைச்சிருங்க.

நாகலூர்_ஹோம்ஸ்டே:
இத படிச்சதும் எனக்கு பகீர்னு ஆயிருச்சு. எங்க ஹோம்ஸ்டேல வர்ற எலக்ட்ரிக் கார், ஸ்கூட்டர் எல்லாத்துக்கும் ராத்திரி ஃபுல்லா போட்டு அனுப்புறதுதான் வழக்கம், அதுல எங்களுக்கு ஒரு பெருமையும் இருந்துச்சு, விருந்தாளி வண்டிக்கு வயிறு நிறைய போட்டு அனுப்புறோம்னு. இனிமே கேட்டுட்டுதான் போடுவேன்.

கூட ஒண்ணு சொல்லணும். மேல லைன் வோல்டேஜ் சாயங்காலம் ரொம்ப இறங்கும், மழைக்காலத்துல சில்வர் ஓக் கிளை லைன்ல விழுந்தா அன்னைக்கு கரண்ட மறந்துர வேண்டியதுதான். போன மாசம் ஒருத்தர் கார் சார்ஜர ரூம்ல இருந்த 6 ஆம்பியர் பாயிண்ட்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு சொருகிட்டு தூங்கிட்டார். காலைல பிடுங்கினா பிளக் பின்னு காப்பி கலர்ல மாறியிருக்கு, பாக்ஸ் பிளாஸ்டிக் இளகி பின்னோட ஒட்டிக்கிட்டு வருது. அதுக்கப்புறம் தனியா 16 ஆம்பியர் பாயிண்ட் போட்டு மீட்டர்ல இருந்தே தனி வயர் இழுத்துட்டேன். எர்த்தும் புதுசா போட்டேன், இங்க பாறை, ஈரம் நிக்காது, குழி தோண்டி உப்பும் கரியும் போட்டு வாரம் ஒரு தடவை தண்ணி ஊத்துறேன்.

மின்னோட்டம்:
நாகலூர் சார், நீங்க எர்த்துக்கு பண்ணது எத்தனையோ பேர் டவுன்லயே பண்றதில்ல. 6 ஆம்பியர் பாயிண்ட்ல கார் சார்ஜர் போடவே கூடாது, எட்டு மணி நேரம் விடாம கரண்ட் ஓடுற சாமான் அது, அயர்ன் பாக்ஸ் மாதிரி பத்து நிமிஷ வேலை இல்ல.

காயில்கடை_பள்ளப்பட்டி:
வணக்கம் மேடம். நான் மோட்டார் ரீவைண்டிங் கடை, தறி மோட்டார், போர் மோட்டார் எல்லாம் கட்டுறோம். இப்ப மாசத்துக்கு ரெண்டு மூணு ஸ்கூட்டர் ஹப் மோட்டாரும் வருது. பிரிச்சா காயில் ஒரு பக்கம் கருகி வார்னிஷ் பொறிஞ்சு கிடக்கு. எங்க போயிட்டு வந்தீங்கன்னு கேட்டா முக்கால்வாசிப் பேர் ஏற்காடு, இல்ல கொல்லிமலைங்கிறாங்க. டவுன்ல ஓடுற வண்டி மோட்டார் கருகி வர்றது ரொம்ப அபூர்வம். காயில் போறதுக்கு மலைதான் காரணமா?

மின்னோட்டம்:
அண்ணா நீங்க பார்த்ததுதான் எங்க ஆராய்ச்சியோட நடு விஷயமே. சமதரைல 30 வேகத்துல போக பட்டறைக்காரர் வண்டிக்கு 60 நியூட்டன் சுமார் இழுவை போதும். மலைல சராசரி ஏத்தத்துக்கே 170 கிட்ட வேணும், கொண்டை ஊசில இன்னும் அதிகம். இழுவை மூணு மடங்குன்னா மோட்டார் கரண்டும் கிட்டத்தட்ட மூணு மடங்கு. காயில்ல வர்ற சூடு கரண்டோட வர்க்கத்துக்கு போகும், அதனால ஒம்பது மடங்கு சூடு. அதுவும் மெதுவா போறதால காத்து அடிச்சு ஆறவும் வழியில்ல, ஹப் மோட்டார்னா சக்கரத்துக்குள்ளயே மூடிக் கிடக்கு. நீங்க கட்டுற எனாமல் வயர் எஃப் கிளாஸ்னா 155 டிகிரி, ஹெச் கிளாஸ்னா 180 தாங்கும். மலைக்குப் போற வண்டிக்கு ஹெச் கிளாஸ் போட்டுக் கட்டுங்க, வார்னிஷையும் நல்லா உள்ள இறங்க விடுங்க.

காயில விட எனக்கு கவலை காந்தம். நியோடிமியம் காந்தத்துல சாதா ரகம் 80 டிகிரி தாண்டினாலே பலம் இழக்க ஆரம்பிச்சுரும். 150 தாங்குற ரகத்துக்கு டிஸ்ப்ரோசியம் மாதிரி கனமான அபூர்வ மண் உலோகம் சேர்ப்பாங்க, விலை ஏறும். ஒரு தடவை காந்தம் செத்துட்டா காயில் எவ்வளவு நல்லா கட்டினாலும் பழைய இழுவை வராது, அதே வேகத்துக்கு இன்னும் கரண்ட் இழுக்கும், மறுபடி கருகும்.

காயில்கடை_பள்ளப்பட்டி:
அதேதான் மேடம்!! ரெண்டு வண்டி நான் கட்டிக் குடுத்து ஒரே மாசத்துல திரும்ப வந்துச்சு, என் வேலைல குறைன்னு நினைச்சு காசு திருப்பிக் குடுத்தேன். காந்தம் ஒட்டியிருக்குற சுத்துற பாகம், அந்த ரோட்டர்ல ஒரு ஆணிய வச்சுப் பார்த்தா பிடிக்கிற பிடி கம்மியாத்தான் இருந்துச்சு. இனிமே காந்தத்த பார்க்காம காயில் கட்ட மாட்டேன்.

ஈஈஈ_மூணாம்வருஷம்:
மேடம் காந்தமே இல்லாத மோட்டார் போட்டா என்ன? 2025 ஏப்ரல்ல சீனா அபூர்வ மண் காந்த ஏற்றுமதிக்கு கட்டுப்பாடு போட்டதும் இங்க வண்டி கம்பெனிங்க எல்லாம் திணறினாங்கல்ல. எங்க புராஜெக்டுக்கு சுவிட்ச்டு ரிலக்டன்ஸ் மோட்டார் எடுக்கலாமான்னு யோசிக்கிறோம்.

மின்னோட்டம்:
தாராளமா எடுங்க தம்பி, என் பிஎச்டியே அதுலதான். ரோட்டர்ல காந்தமும் இல்ல காயிலும் இல்ல, வெறும் இரும்புத் தகடு அடுக்கு. சுத்தாம நிக்கிற ஸ்டேட்டர்ல எந்தக் காயிலுக்கு எப்ப கரண்ட் விடணும்ங்கிறத கன்ட்ரோலர் முடிவு பண்ணும், பக்கத்துல இருக்குற ரோட்டர் பல்லு அத நோக்கி இழுபடும். சூட்டுக்கு பயப்படாது, விலை கம்மி. கஷ்டம் என்னன்னா விட்டு விட்டு இழுக்குறதால அதிர்வும் சத்தமும் அதிகம். அத எப்படி அடக்குறதுங்கிறதுல தான் உலகம் முழுக்க ஆராய்ச்சி நடக்குது.

இண்டக்ஷன் மோட்டாரையும் மறந்துறாதீங்க. 1888 லயே நிக்கோலா டெஸ்லாவும் இத்தாலில கலிலியோ ஃபெராரிஸும் தனித்தனியா கொண்டு வந்தது, அதுலயும் காந்தம் கிடையாது. 2012 ல வந்த டெஸ்லா மாடல் எஸ் கார் அதுலதான் ஓடுச்சு. ஆனா அத பக்குவமா ஓட்ட 1970 வரைக்கும் சரியான வழி இல்ல, ஜெர்மனில பிளாஷ்கே, ஹாஸ்ஸேன்னு ரெண்டு பேர் கண்டுபிடிச்ச வெக்டார் கன்ட்ரோல் வந்த பிறகுதான் இழுவையையும் காந்தப்புலத்தையும் தனித்தனியா பிடிக்க முடிஞ்சுது. நம்ம நாட்டுல இருந்து போன பிமல் போஸ் அமெரிக்கால ஜிஇ (ஜெனரல் எலக்ட்ரிக்) கம்பெனி ஆராய்ச்சிக்கூடத்துலயும் அப்புறம் டென்னசி பல்கலைக்கழகத்துலயும் இந்தத் துறைக்கே வாழ்க்கைய குடுத்தவர். படிக்க ஆரம்பிக்கிறப்போ அவர் எழுதுனதுல இருந்து ஆரம்பிங்க.

ஈஈஈ_மூணாம்வருஷம்:
நன்றி மேடம். நம்ம ஊர்லயே சோனா காலேஜோட ஸ்பீட் பிரிவுல செஞ்ச மோட்டார் 2023 ஜூலைல சந்திரயான்-3 ஐ ஏத்திட்டுப் போன எல்விஎம்3 ராக்கெட்டுல போச்சுன்னு படிச்சதுல இருந்துதான் எனக்கு மோட்டார் மேலயே ஆசை வந்துச்சு. சேலத்துல இருந்தே இத பண்ண முடியும்னு அன்னைக்குத்தான் தோணுச்சு.

டூஸ்ட்ரோக்_கோரிமேடு:
எல்லாம் சரிம்மா. ஒரு கேள்வி, கோவிச்சுக்காதீங்க. கரண்ட் எங்க இருந்து வருது? மேட்டூர்ல நிலக்கரிய எரிச்சுத்தானே? இங்க புகை இல்ல, அங்க புகை. என்ன வித்தியாசம்?

மின்னோட்டம்:
கோவமே இல்லங்கண்ணா, கேக்க வேண்டிய கேள்வி. மழுப்பாம கணக்க போட்டுருவோம். மலை ஏற பெட்ரோல் ஸ்கூட்டர் ரெண்டு பேரோட முக்கால் லிட்டருக்கு மேல குடிக்கும், ஒரு லிட்டர்ல சுமார் 9 யூனிட் எனர்ஜி, ஆக 7, 8 யூனிட். எலக்ட்ரிக் வண்டி பேட்டரில இருந்து 1.6 யூனிட். சார்ஜர்லயும் லைன்லயும் போறத சேர்த்தா பவர் ஸ்டேஷன்ல 2 யூனிட் சொச்சம் உற்பத்தி பண்ணணும். அனல் மின் நிலையம் நிலக்கரி சூட்டுல மூணுல ஒரு பங்கு சொச்சம்தான் கரண்டாக்கும், அதனால 6 யூனிட் நிலக்கரி. நிலக்கரிக்கு கார்பனும் அதிகம். முழுக்க முழுக்க நிலக்கரி கரண்ட்லயே ஓட்டினா ஏத்தத்துக்கு ரெண்டும் கிட்டத்தட்ட சமம்தான், உங்க சந்தேகம் நியாயம்.

ஆனா நம்ம கரண்ட் முழுக்க நிலக்கரி இல்ல. மேட்டூர்லயே பாருங்க, அனல் மின் நிலையம் பழையது 840 மெகாவாட்டும் புதுசு 600 மெகாவாட்டும் இருக்கு, அதே ஊர்ல 1934 ல கட்டி முடிச்ச அணைக்குக் கீழ சுரங்க மின் நிலையம் 200 மெகாவாட் தண்ணிலயே ஓடுது. ஆடிக் காத்துல முப்பந்தல் பக்கம் காத்தாடிங்க குடுக்குறது இருக்கு, மத்தியானத்துல சோலார் இருக்கு. அதனால எப்ப சார்ஜ் போடுறோம்ங்கிறது முக்கியம். சாயங்காலம் ஆறுல இருந்து பத்து வரைக்கும் வீட்டுக்கு வீடு லைட்டு, ஃபேன், ஏசி, அப்ப வண்டியையும் சொருகினா அந்த லோடு அனல் மேலதான் விழும். மத்தியானம் போட முடிஞ்சவங்க மத்தியானம் போடுங்க. பெட்ரோல் வண்டிக்கு அந்த வழியே கிடையாது, இன்னைக்கு வாங்குன பெட்ரோல் வண்டி பத்து வருஷம் கழிச்சும் அதே புகைதான் விடும். இறங்குறப்போ ஒரு சொட்டு பெட்ரோல்கூட டேங்குக்குத் திரும்ப வராது.

டூஸ்ட்ரோக்_கோரிமேடு:
சமம்னு நீங்களே ஒத்துக்கிட்டது எனக்கு பிடிச்சிருக்கும்மா. விக்கிறவங்க யாரும் அப்படி சொல்றதில்ல. மத்தத யோசிக்கிறேன்.

லோகோ_ரன்னிங்ரூம்:
சேலம் டிவிஷன்ல லோகோ பைலட்டா இருக்கேன். நியூட்ரல், இஞ்சின் பிரேக்னு பேசுறீங்களேன்னு எழுதுறேன். பொம்மிடி தாண்டி லோகூர், டேனிஷ்பேட்டை பக்கம் சேர்வராயன் மலை அடிவாரக் காட்டுக்குள்ள சேலம் நோக்கி இறக்கம். டபிள்யூஏபி-7 இஞ்சின்ல மூணு ஃபேஸ் இண்டக்ஷன் மோட்டார், பிரேக் ஹேண்டில பின்னாடி இழுத்தா மோட்டார் ஜெனரேட்டரா மாறி மேல 25 கிலோவோல்ட் லைனுக்கே கரண்ட திருப்பி அனுப்பும், ஏர் பிரேக்க தொடாமலே மொத்த ரயிலையும் பிடிச்சு இறக்கலாம். மீட்டர்ல எவ்வளவு யூனிட் திருப்பிக் குடுத்தோம்னும் காட்டும். பழைய டைப் இஞ்சின் சிலதுல இத ரெசிஸ்டன்ஸ்ல விட்டு சூடாக்கி காத்துல ஊதி விட்ருவோம், அவ்வளவும் வீண். எங்களுக்கு பேட்டரி நிறைஞ்சு போச்சுங்கிற பிரச்சனையே இல்ல, எதிர்ல ஏறி வர்ற ரயில் அந்தக் கரண்ட எடுத்துக்கும்.

மின்னோட்டம்:
சார் இத என் கிளாஸ்ல பசங்களுக்கு அப்படியே வாசிச்சுக் காட்டணும். 1925 பிப்ரவரி 3 ல பம்பாய்ல முதல் எலக்ட்ரிக் ரயில் ஓடுனப்போ இருந்து இன்னைக்கு வரைக்கும் ரயில்ல நூறு வருஷமா சேர்த்த அறிவு இது, ரோட்டு வண்டிக்காரங்க இப்பத்தான் ஒவ்வொண்ணா கத்துக்கிறாங்க.

காப்பித்தோட்டம்_கொட்டச்சேடு:
எல்லாரும் ஸ்கூட்டர் பத்தியே பேசுறீங்க. என் கேள்வி வேற. தோட்டத்துல இருந்து காப்பி மூட்டையும் மிளகும் சேலம் மண்டிக்கு பிக்கப் வண்டில இறக்குறோம். கார்த்திகைல இருந்து மாசி வரைக்கும் வாரத்துக்கு மூணு நடை. மேல ஏறுறப்போ வண்டி காலி, இறங்குறப்போ 600 கிலோ பாரம். டீசல் செலவு தாங்க முடியல. எலக்ட்ரிக் பிக்கப் எடுத்தா பாரத்தோட இறங்குறப்போ தானா சார்ஜ் ஏறி ஏறுறதுக்கு சரியா போயிருமான்னு ஒருத்தர் சொன்னார். நம்பலாமா?

மின்னோட்டம்:
தோட்டக்காரரே இந்தக் கேள்விக்காகத்தான் நான் இவ்வளவு நேரம் காத்துட்டு இருந்தேன்னு சொல்லலாம். நம்ம மலையோட வரப்பிரசாதம் இதுதான், பாரம் கீழ போகுது. ஒரு காலத்துல சேர்வராயன் மலை பாக்சைட்டு லாரி லாரியா மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இறங்கிச்சு, பெரியவங்க பார்த்திருப்பீங்க. அவ்வளவு பாரமும் டீசல் குடிச்சு ஏறுன லாரில, பிரேக்க தேய்ச்சுக்கிட்டே இறங்கினது. சுவிட்சர்லாந்துல பியேல் பக்கத்துல ஒரு கல்குவாரில 600 யூனிட் பேட்டரி போட்ட எலக்ட்ரிக் டம்பர் ஓடுது. காலியா 45 டன், அப்படியே மேல ஏறும். 65 டன் சுண்ணாம்புக்கல்லோட 110 டன்னா இறங்கும். இறக்கத்துல வர்ற கரண்டே ஏத்தத்துக்குப் போதுமானதா அமைஞ்சிருக்கு.

ஆனா உங்க பிக்கப்புக்கு அந்தக் கணக்கு வராது, ஏமாந்துறாதீங்க. அங்க இறங்குற எடை ஏறுற எடைல ரெண்டு மடங்குக்கு மேல. உங்களுக்கு ஏறுறப்போ 1,270 கிலோன்னா இறங்குறப்போ 1,870, ஒன்றரை மடங்குதான். ஏற 7 யூனிட் கிட்ட ஆகும், இறங்குறப்போ நல்லபடியா ஓட்டினா ரெண்டரைல இருந்து மூணு யூனிட் திரும்பும். அதாவது ஒரு நடைக்கு நிகரச் செலவு 4, 5 யூனிட். சும்மா ஓடாது. ஆனா டீசலுக்கு எவ்வளவு ஆகுதுன்னு உங்களுக்கே தெரியும், பக்கத்துல வச்சுப் பாருங்க.

வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் கேளுங்க. கம்பெனி சொல்ற ரேஞ்ச் எல்லாம் லேப்ல ரோலர் மேல சமதரை கணக்குல ஓட்டிப் பார்த்தது, அதுல ஏத்தம் இறக்கமே கிடையாது. நம்ம ரோடு மாதிரி ரோட்டுல, பாரத்தோட, உங்க டிரைவர் ஓட்டிப் பார்க்கக் குடுப்பாங்களான்னு கேளுங்க. குடுக்காத கம்பெனி வண்டிய வாங்காதீங்க. எனக்கு இதுல மனசு ஆறல. மலைல இருக்கிறவங்களும் அதே பணம் குடுத்துத்தான் வண்டி வாங்குறாங்க, அவங்க ரோட்டுக்கு ஒரு டெஸ்ட் இல்ல. இருபது கொண்டை ஊசி இருக்குற ரோடு எங்க காலேஜ்ல இருந்து கொஞ்ச தூரத்துல இருக்கு, நாங்களே அத அளக்காம வெளிநாட்டு ரோட்டு டேட்டாவ வச்சு பேப்பர் எழுதிட்டு இருந்தா அது சரியா?

காப்பித்தோட்டம்_கொட்டச்சேடு:
புரிஞ்சுதுங்க மேடம். பேட்டரில எல்எஃப்பி நல்லதா மத்தது நல்லதா? ஒரு டீலர் எல்எஃப்பின்னா எப்பவும் 100% தான் போடணும்னு சொன்னார், நீங்க 80ங்கிறீங்க.

மின்னோட்டம்:
பாரம் ஏத்துற வண்டிக்கு எல்எஃப்பி பாருங்க. 1997 ல டெக்சாஸ்ல குட்இனஃப் ஆய்வகத்துல வந்தது, அவருக்கு 2019 ல நோபல் கிடைச்சுது. சூடு தாங்கும், ஆயுசு அதிகம், எடை கொஞ்சம் கூட. டீலர் சொன்னதுல பாதி சரி. எல்எஃப்பில வோல்டேஜ் நடுவுல ரொம்ப நேரம் ஒரே மாதிரி நிக்கும், அதனால எத்தனை சதவீதம் இருக்குன்னு பிஎம்எஸ் தப்பா கணிக்கும், வாரம் ஒரு தடவை ஃபுல் சார்ஜ் போட்டா சரியாயிரும். அந்த ஃபுல் சார்ஜ சேலத்துல போடுங்க. மலை மேல போட்டுட்டு உடனே இறங்காதீங்க. இன்னொண்ணு, ஏறி வந்ததும் பேட்டரி சூடா இருக்கும், ஒரு மணி நேரம் ஆற விட்டு சார்ஜர சொருகுங்க.

அஸ்தம்பட்டி_வெள்ளிப்பட்டறை:
ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன். ஷூ மாத்திட்டு நேத்து தனியா போயிட்டு வந்தேன், வீட்டம்மா இன்னும் வர மாட்டேங்கிறாங்க, வற்புறுத்தல. மேல வேணும்னே 70% வரைக்கும் மட்டும் போட்டு இறங்கினேன். 20வது வளைவுலயே இழுவை நல்லா கையில தெரிஞ்சுது, முக்கால்வாசி தூரம் பிரேக்க தொடவே இல்ல, வளைவுல மட்டும் லேசா பிடிச்சேன். 10வது வளைவுல அதே மண் ஓரத்துல நிறுத்தினேன், டிரம்முல உள்ளங்கைய வச்சுப் பார்த்தேன், வெதுவெதுன்னு இருந்துச்சு, வச்ச கைய எடுக்க வேண்டியிருக்கல. அடிவாரம் வர்றப்போ 73%. மூணு சதவீதம் ஏறியிருக்கு.

டூஸ்ட்ரோக்_கோரிமேடு:
தம்பி, அடுத்த தடவை போறப்போ நம்ம கடைல நிறுத்து. சூடு பார்க்குற மீட்டர் ஒண்ணு வச்சிருக்கேன், தூரத்துல இருந்தே டிகிரி காட்டும். பின்னாடியே என் பெட்ரோல் வண்டிய செகண்ட் கியர்ல இறக்குறேன். ரெண்டு டிரம்மையும் ஒவ்வொரு வளைவுலயும் அளந்து எழுதிடலாம், அந்தம்மாவுக்கு ஆகும்.

மின்னோட்டம்:
அண்ணா, ஆகுமான்னா, எனக்கு அது தங்கம். பசங்க நாலு பேர அனுப்புறேன், கரண்ட அளந்து பதிவு பண்ற லாகர் ஒண்ணும் குடுத்து விடுறேன். பனி விலகுன பிறகு இறங்குங்க, ரோடு ஈரமா இருந்தா அன்னைக்கு வேண்டாம்.

நாகலூர்_ஹோம்ஸ்டே:
மேல சார்ஜ் போட நம்ம எடத்துக்கு வாங்க, காசு வேண்டாம். சார்ஜர் பாயிண்ட் பக்கத்துல பெயிண்ட்ல எழுதி வச்சுட்டேன்: "மலை இறங்குற வண்டிக்கு 80 க்கு மேல ஏத்த மாட்டோம். ஏன்னு கேளுங்க, சொல்றோம்."

ஈஈஈ_மூணாம்வருஷம்:
மேடம் நான் வர்றேன். ஞாயிறு காலைல ஏழு மணிக்கு கோரிமேடு அண்ணா கடையா, அடிவாரம் செக்போஸ்ட்டா?

டூஸ்ட்ரோக்_கோரிமேடு:
கடைக்கு வாப்பா. டீ குடிச்சுட்டு கிளம்பலாம்.